எம்டன் ஏன் எண்ணெய்த் தொட்டியைச் சுட்டது?

புதுச்சேரியில் எம்.ஏ. படிக்கும் தம்பி மகள் போன ஞாயிற்றுக்கிழமை கடலூர் முதுநகருக்கு வந்திருந்தாள். வந்ததும் வராததுமாக ஒரு கேள்வி. “பெரியப்பா, இப்ப நடக்கிற சண்டை எல்லாமே எண்ணெய்க்காகத்தான்னு எங்க சார் சொல்றார். போர்ல எண்ணெய்க்கும் எரிபொருள் கொள்கைக்கும் என்ன பங்குன்னு எழுதிட்டு வரச் சொல்லியிருக்கார். நீங்க எண்ணெய்க் கப்பல்ல இருந்தவர்தானே, அவர் சொல்றது நிஜமா?” அன்றைக்குத் தட்டில் இட்லி ஆறிக்கொண்டிருந்தது, இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டேன். அவளுக்கும், இதே சந்தேகம் உள்ள மற்றவர்களுக்கும் சேர்த்து இப்போது விரிவாக எழுதுகிறேன்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். எண்ணெய்க்காகவே தொடங்கிய போர்கள் நாம் நினைப்பதைவிடக் குறைவு. ஆனால் தொடங்கிய பிறகு எந்தப் போரும் எண்ணெயின் பிடியிலிருந்து தப்புவதில்லை. எவ்வளவு தூரம் போகலாம், எத்தனை நாள் தாங்கலாம், எங்கே நின்றுவிட வேண்டிவரும் என்பதெல்லாம் அதன் கையில். எல்லாரும் கிணறு யாரிடம் என்று பார்க்கிறார்கள். என் கண்ணில் படுவது கிணற்றுக்கும் என்ஜினுக்கும் நடுவே இருக்கும் வழி: தொட்டி, சுத்திகரிப்பு ஆலை, கப்பல், லாரி, அப்புறம் ஒரு காப்பீட்டுத் தாள். அடி விழுவது பெரும்பாலும் அங்கேதான்.

‘அவன் பெரிய எம்டன்’ என்று நம் ஊரில் சொல்வோமே, அந்த எம்டனிலிருந்து தொடங்கலாம். 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு அந்த ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைக் கரைக்கு வந்து சுமார் 130 குண்டுகளைப் போட்டது. கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் குறிவைத்தது பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளை. ராணுவக் கணக்கில் பெரிய சேதம் ஒன்றுமில்லை. ஆனால் எண்ணெய் எரிந்தால் ஊருக்கே தெரியும். பிரிட்டிஷ்காரனால் தன் வாசலைக்கூடக் காக்க முடியவில்லை என்று ஜனங்கள் பேச வேண்டும், வியாபாரிகள் சரக்கு ஏற்றப் பயப்பட வேண்டும். முல்லருக்கு வேண்டியது அதுதான். தொட்டியைச் சுட்டால் புகை இலவசமாகப் பிரசாரம் செய்யும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எம்டன் ஓடியது நிலக்கரியில். அந்தக் கப்பலின் முழுக் கதையும் கரி தேடி அலைந்த கதைதான். சென்னையைச் சுட்ட ஐந்தாறு நாளில் வெல்ஷ் நிலக்கரி ஏற்றி வந்த ‘பியூரெஸ்க்’ என்ற பிரிட்டிஷ் கப்பலைப் பிடித்தார்கள். முல்லருக்கு அது புதையல். கரி ஏற்றுவது என்றால் ஏதாவது ஒரு ஒதுக்குப்புறத் தீவில் நங்கூரம் போட்டு, கப்பலில் உள்ள அத்தனை பேரும் கூடை தூக்க வேண்டும். அந்த நேரத்தில் எதிரி வந்தால் கதை முடிந்தது.

இந்தத் தொல்லைதான் அதே காலத்தில் பிரிட்டிஷ் கடற்படையை எண்ணெய்க்கு மாற்றியது. ஒரு டன் எண்ணெய் ஏறக்குறைய ஒன்றரை டன் கரியின் வேலையைச் செய்யும். குழாயைத் திறந்தால் அடுப்புக்குப் போய்விடும், மண்வாரியோடு நிற்க ஆள் வேண்டாம், நடுக்கடலிலேயே நிரப்பிக்கொள்ளலாம். எல்லாம் சரி. ஆனால் பிரிட்டனின் காலடியில் கரி இருந்தது. எண்ணெய் ஒரு சொட்டு இல்லை. கடற்படை அமைச்சராக இருந்த சர்ச்சில் தெரிந்தேதான் அந்த முடிவை எடுத்தார். எண்ணெயில் பாதுகாப்பு என்பது பல இடங்களிலிருந்து வாங்குவதில்தான் இருக்கிறது என்று 1913இல் நாடாளுமன்றத்தில் சொன்னார். சொன்ன மறுவருடமே, ஈரானில் எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்த ஆங்கிலோ-பெர்ஷியன் கம்பெனியில் 51 சதவீதப் பங்கை அரசாங்கம் வாங்கியது. போர் தொடங்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது, நவம்பர் 1914இல் இந்தியச் சிப்பாய்கள் பாரசீக வளைகுடாவின் முனையில் ஃபாவோ என்ற இடத்தில் இறங்கிவிட்டார்கள். அவர்களுடைய வேலைகளில் ஒன்று, அந்தக் கம்பெனியின் அபாதான் சுத்திகரிப்பு ஆலைக்குக் காவல். லண்டனில் கப்பலின் கொதிகலனைப் பற்றி எடுத்த முடிவுக்கு நம் ஊர்ப் பையன்கள் மெசபடோமியா (இன்றைய இராக்) மணலில் விலை கொடுத்தார்கள். எரிபொருள் கொள்கைக்கும் போருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான். அந்தக் கம்பெனி விஷயம் அதோடும் முடியவில்லை. 1951இல் ஈரான் அதைத் தேசியமயமாக்கியது; 1953இல் பிரதமர் மொசாதெக் கவிழ்க்கப்பட்டார்; அந்தக் கோபம் இன்றைக்கும் அந்த ஊர் அரசியலில் இருக்கிறது.

இனி தூரத்துக்கு வருவோம். எங்கள் தெருவில் விசைப்படகு வைத்திருக்கும் ஒருவர் உண்டு. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஜூன் நடுவில் படகை இறக்கும்போது அவரிடம் ஒருநாள் கேட்டேன், “எவ்வளவு தூரம் போவீங்க?” என்று. கிலோமீட்டர் சொல்லவில்லை, டீசலைச் சொன்னார். “போறதுக்கு ஒரு பங்கு, வர்றதுக்கு ஒரு பங்கு, வலை இழுக்க ரெண்டு பங்கு. எதிர்க்காத்துக்குன்னு ஒரு கேன் தனியா. அதுக்கு மேல மீன் துள்ளினாலும் நமக்கில்லைங்க.” படைத்தளபதிகள் பக்கம் பக்கமாக எழுதும் விஷயம் இதே கணக்குதான்.

இரண்டாம் உலகப் போரில், வட ஆப்பிரிக்காவில் ஜெர்மன் தளபதி ரோமலுக்கு இந்தக் கணக்கு தப்பியது. துறைமுகம் பின்னால் நெடுந்தூரத்தில்; படை எகிப்து வாசலில். பெட்ரோல் கொண்டு வரும் லாரி வரும் வழியிலேயே தன் பங்கைக் குடித்துவிட்டுத்தான் வந்து சேர்ந்தது. 1944இல் அமெரிக்கத் தளபதி பேட்டனின் படை பிரான்சில் வேகமாக முன்னேறி, எதிரி நிறுத்தாமல் பெட்ரோல் தீர்ந்து நின்றது. இன்றைய கதையும் மாறவில்லை. அமெரிக்காவின் ஏப்ரம்ஸ் டாங்கி சுமார் 1,900 லிட்டர் பிடிக்கும், நிரப்பினால் 400 கிலோமீட்டர் சொச்சம் ஓடும். அதாவது கிலோமீட்டருக்கு நாலு லிட்டருக்கு மேல். ஆப்கானிஸ்தானில் அமெரிக்கர்கள் அடி வாங்கிய இடங்களில் ஒன்று இந்த எண்ணெய் லாரிகள். கராச்சியில் இறக்கி, மலைக்கணவாய் வழியாக ஏற்றிப் போக வேண்டும். 2011 நவம்பரில் பாகிஸ்தான் அந்த வழியை அடைத்து ஏழு மாதம் திறக்கவில்லை.

எண்ணெய்க்கு முன்பும் இப்படித்தான் இருந்திருக்கிறது, பெயர்தான் வேறு. 1783 ஜூனில் நம் கடலூருக்கு எதிரேயே பிரெஞ்சு அட்மிரல் சஃப்ரனும் ஆங்கிலேய அட்மிரல் ஹியூஸும் மோதினார்கள். ஹியூஸிடம் கப்பல் அதிகம். ஆனால் குடிதண்ணீர் தீர்ந்துகொண்டிருந்தது, மாலுமிகள் ஸ்கர்வி நோயில் படுத்துவிட்டார்கள். சென்னைக்குத் திரும்பிவிட்டார். தேவனாம்பட்டினம் கடற்கரையில் சுண்டல் சாப்பிடுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

எண்ணெய்க்காகவே நடந்தது என்று தயங்காமல் சொல்லக்கூடிய போர்களில் எனக்கு உடனே தோன்றுவது இரண்டு. ஒன்று, 1941இல் ஜப்பான். தன் எண்ணெயில் ஏறக்குறைய 80 சதவீதத்தை அமெரிக்காவிடம் வாங்கிக்கொண்டு, அமெரிக்காவுக்குப் பிடிக்காத போரைச் சீனாவில் நடத்திக்கொண்டிருந்தது. அமெரிக்கா குழாயை மூடியது. கையிருப்பு தீர்வதற்குள் டச்சுக்காரர்களின் சுமத்ரா, போர்னியோ கிணறுகளைப் பிடித்தாக வேண்டும். குறுக்கே வரக்கூடிய அமெரிக்கக் கடற்படையை முடக்க வேண்டும். அதனால் பேர்ல் ஹார்பர். அங்கே கப்பல்களைக் குண்டு போட்டு மூழ்கடித்த விமானங்கள், கரையில் வரிசையாக நின்ற எண்ணெய்த் தொட்டிகளை விட்டுவிட்டுப் போயின. 45 லட்சம் பீப்பாய் எண்ணெய்! முல்லருக்குத் தெரிந்தது அவர்களுக்குத் தோன்றவில்லை.

கிணறுகள் கிடைத்தன. 1942 பிப்ரவரியில் சுமத்ராவின் பாலெம்பாங் ஜப்பான் கையில். அப்புறம் என்ன? எண்ணெயை ஊருக்குக் கொண்டுபோகக் கப்பல் வேண்டுமே. அமெரிக்க நீர்மூழ்கிகள் எண்ணெய்க் கப்பல்களைத் தேடித் தேடி மூழ்கடித்தன. 1945இல் ஜப்பானியக் கிராமத்து ஜனங்கள் விமான எரிபொருளுக்காகப் பைன் மரத்தின் வேரைத் தோண்டிக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். சுமத்ராவில் கடலாய்க் கிடந்த எண்ணெயால் அவர்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

அந்தப் போர் நம் வீட்டு விளக்கு வரை வந்தது. 1942 ஏப்ரலில் பர்மாவின் யெனாஞ்சாங் எண்ணெய்க் கிணறுகளை, ஜப்பான்காரன் கையில் சிக்கக் கூடாதென்று பிரிட்டிஷ்காரர்களே உடைத்துவிட்டுப் பின்வாங்கினார்கள். எம்டன் சென்னையில் எரித்ததும் இந்தக் கிணறுகளை வைத்திருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெயைத்தான். நமக்குச் சீமெண்ணெய் வந்துகொண்டிருந்த வழி அடைபட்டது. பர்மா சண்டை வந்த வருஷம் புங்கெண்ணெயில் திரி போட்டோம் என்று என் பாட்டி சொல்வாள். அவளுக்கு உலகப் போர் என்றால் அந்தப் புகை நாற்றம்தான்.

இரண்டாவது, 1990 ஆகஸ்டில் இராக் குவைத்தைப் பிடித்தது. சதாம் உசேனுக்குக் கடன், எண்ணெய் விலைத் தகராறு, எல்லையில் இருந்த ருமைலா எண்ணெய் வயல் பற்றிய சண்டை, எல்லாம் சேர்ந்தது. 2003 இராக்கையும் இதில் சேர்க்கச் சொல்வார்கள். எண்ணெய் இல்லாத நாடாக இருந்தால் அவ்வளவு தூரம் படை போயிருக்குமா என்ற கேள்வி நியாயம்தான். அதற்காகவே போனார்கள் என்று அடித்துச் சொல்ல நான் துணியமாட்டேன். அவளுடைய சார் துணிகிறார் போலிருக்கிறது.

ஜெர்மனி வேறொரு வழியில் போனது, அது நம் மாவட்டத்துக்காரர்களுக்குப் பிடிக்கும். ஹிட்லரிடம் எண்ணெய் இல்லை, கரி நிறைய. கரியிலிருந்து பெட்ரோல் எடுக்கும் ஆலைகளை அரசாங்கப் பணத்தில் கட்டினார்கள். அவற்றில் பெரியவற்றில் ஒன்று லாய்னா. அங்கே போட்டது என்ன கரி தெரியுமா? பழுப்பு நிலக்கரி. நெய்வேலியில் நாம் வெட்டுகிறோமே, அதே இனம். கொள்கை என்று பார்த்தால் சாமர்த்தியம்தான். ஆனால் கிணறுகள் நூறு இடத்தில் பரவிக் கிடக்கும், ஆலைகள் விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களில் புகைபோக்கியோடு நின்றன. 1944 மே 12ஆம் தேதி குண்டுவீச்சு தொடங்கியது. ஏப்ரலில் 1,75,000 டன் அளவில் இருந்த விமான பெட்ரோல் உற்பத்தி செப்டம்பரில் 10,000 டன்னுக்கும் கீழே போனது. விமானம் இருந்தது, ஓட்டவும் பழகவும் பெட்ரோல் இல்லை.

நம் நாடும் இந்தப் பாடத்தை ஒருமுறை நன்றாகவே பயன்படுத்தியது. 1971 டிசம்பர் 4ஆம் தேதி இரவு இந்தியக் கடற்படையின் ஏவுகணைப் படகுகள் கராச்சியைத் தாக்கின. அவை கரையோரக் காவலுக்கென்று கட்டிய சின்னப் படகுகள், தூரம் போக எரிபொருள் போதாது. அதனால் வழியில் பெரிய கப்பல்களைக் கொண்டு இழுத்துச் சென்றார்கள். கப்பல்கள் மூழ்கியதோடு கராச்சித் துறைமுகத்தின் கீமாரி எண்ணெய்த் தொட்டிகளும் எரிந்தன. நாலு நாள் கழித்து மறுபடியும் போய் மீதியை எரித்தார்கள்.

இனி நான் கண்ணால் பார்த்தது. 1987இல் எனக்கு 24 வயது, ஒரு எண்ணெய்க் கப்பலின் என்ஜின் அறையில் ஆயில்மேன். ஈரானும் இராக்கும் ஒருவர் எண்ணெயை ஒருவர் தடுக்க, வழியில் போகும் கப்பல்களையெல்லாம் அடித்துக்கொண்டிருந்த காலம். அந்தப் போரில் 400க்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்கள் அடிபட்டன. பாரசீக வளைகுடாவின் வாசலான ஹோர்முஸ் நீரிணைக்குள் நுழைந்ததும் மேல்தளத்து விளக்குகளை அணைத்துவிடுவார்கள், அறைச் சன்னல்களில் அட்டையை வைத்து ஒட்டுவோம். படுக்கையை நடைபாதைக்கு இழுத்துவந்து, உயிர்காப்பு அங்கியைத் தலைக்கு வைத்துப் படுப்போம். வெளியாட்களுக்கு ஆச்சரியமாக இருக்கும்: சரக்கு நிரம்பி வரும்போது பயம் குறைவு, காலியாகப் போகும்போதுதான் அதிகம். கச்சா எண்ணெய் அவ்வளவு சீக்கிரம் வெடிக்காது. காலித் தொட்டியில் தங்கும் வாயுதான் ஆளைக் கொல்லும்.

அந்த ஜூலையில் ஒரு சம்பவம் கப்பல்காரர்கள் நடுவில் சிரிப்பாய்ச் சிரித்தது. குவைத் எண்ணெய்க் கப்பல்களுக்கு அமெரிக்கா தன் கொடியைக் கொடுத்து, போர்க்கப்பல் காவலோடு கூட்டிவந்தது. முதல் பயணத்திலேயே ‘பிரிட்ஜ்டன்’ என்ற பெரிய எண்ணெய்க் கப்பல் கண்ணிவெடியில் மோதியது. அதற்கு ஓட்டை விழுந்தும் ஓடிக்கொண்டே இருந்தது. காவலுக்கு வந்த போர்க்கப்பல்களின் மெல்லிய உடம்பு கண்ணிவெடியைத் தாங்காது. அதனால் அவை பிரிட்ஜ்டனுக்குப் பின்னால் வரிசையாக ஒளிந்துகொண்டு வந்தன!

ஹோர்முஸைப் பற்றி இன்னொரு விஷயம். அங்கே ஒவ்வொரு திசைக்கும் கப்பல் பாதை மூன்று நாலு கிலோமீட்டர் அகலம்தான். 2024 கணக்குப்படி நாளுக்கு ஏறக்குறைய 2 கோடி பீப்பாய், உலகம் எரிப்பதில் ஐந்தில் ஒரு பங்கு, அதன் வழியாகப் போனது. அதைச் சங்கிலி போட்டு மூட வேண்டியதில்லை. இரண்டு கப்பல் அடிபட்டால் காப்பீட்டுக்காரர்கள் கட்டணத்தை ஏற்றுவார்கள், கப்பல் முதலாளிகள் யோசிப்பார்கள், விலை தானாக ஏறும். 2019 செப்டம்பரில் சவுதியின் அப்கைக் ஆலையைச் சில டிரோன்களும் ஏவுகணைகளும் தாக்கின. ஒரே நாளில் உலக உற்பத்தியில் 5 சதவீதம் அளவு நின்றுபோனது. கிணறு ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. எண்ணெயிலிருந்து வாயுவைப் பிரிக்கும் உருண்டைத் தொட்டிகளைப் பார்த்து அடித்திருந்தார்கள்.

உக்ரைன் போரிலும் இதேதான் நடக்கிறது. உக்ரைன் டிரோன்கள் ரஷ்யச் சுத்திகரிப்பு ஆலைகளைத் தேடிப் போகின்றன. ரஷ்யா 2022 அக்டோபரிலிருந்து உக்ரைனின் மின்நிலையங்களையும் டிரான்ஸ்பார்மர்களையும் அடிக்கிறது. மேற்கு நாடுகள் காகிதத்தால் அடித்தன. ரஷ்யக் கச்சா எண்ணெயைப் பீப்பாய் 60 டாலருக்கு மேல் விற்றால் எங்கள் காப்பீடு கிடையாது என்று 2022 டிசம்பரில் விதி போட்டார்கள். உலகக் கடல் கப்பல்களின் மொத்தக் கொள்ளளவில் ஏறக்குறைய 90 சதவீதத்துக்கு, பெரும்பாலும் அந்த நாடுகளில் இருக்கும் சில கப்பல் காப்பீட்டுச் சங்கங்கள்தான் காப்பீடு கொடுத்துக்கொண்டிருந்தன. ரஷ்யா என்ன செய்தது? யாருக்குச் சொந்தம் என்றே தெரியாத பழைய கப்பல்களை வாங்கி ஓட்டியது. அந்தக் கப்பல்களில் வேலை செய்கிறவர்களை நினைத்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும். நாம் தள்ளுபடியில் வாங்கினோம்: போருக்கு முன் நம் இறக்குமதியில் 2 சதவீதம்கூட இல்லாத ரஷ்ய எண்ணெய், 2023-24இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். தப்பா சரியா என்று கேட்டால், 85 சதவீதத்துக்கு மேல் கச்சா எண்ணெயை வெளியிலிருந்து வாங்கும் நாடு சர்ச்சில் சொன்னதைத்தான் செய்தது என்பேன்.

ஏனென்றால் 1990ஐ நாம் பார்த்திருக்கிறோம். குவைத் சண்டையில் எண்ணெய் விலை ஏறியது, அங்கிருந்து வந்த பணம் நின்றது, ஒன்றே முக்கால் லட்சம் பேரை விமானத்தில் கூட்டிவர வேண்டியிருந்தது. ஏற்கெனவே ஆட்டம் கண்டிருந்த அந்நியச் செலாவணி தீர்ந்துபோய், 1991 ஜூலையில் 47 டன் தங்கத்தை இங்கிலாந்திலும் ஜப்பானிலும் அடகு வைத்தோம். நான் அப்போது விடுப்பில் ஊரில் இருந்தேன். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு விடியற்காலையிலேயே டின்களை வரிசையில் வைத்துவிட்டு வருவார்கள். டின்னின் கைப்பிடியில் அடையாளத்துக்குத் துணி கட்டியிருக்கும். எங்கள் அம்மா கட்டியது சிவப்பு ரவிக்கைத் துணி.

அதற்குப் பிறகுதான் நிலத்தடிப் பாறையைக் குடைந்து எண்ணெய் சேமிக்கும் யோசனைக்கு நம் அரசாங்கம் வந்தது. இப்போது விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் மூன்று இடத்திலும் சேர்த்து 53 லட்சம் டன் கொள்ளளவு; முழுக்க நிரம்பியிருந்தால் ஒன்பதரை நாளுக்கு வரும். எண்ணெய் நிறுவனங்களின் தொட்டிகளையும் சேர்த்தால் 74 நாள் என்று அரசு சொல்கிறது. சர்வதேச எரிசக்தி முகமை தன் உறுப்பு நாடுகளுக்கு வைத்திருக்கும் அளவு 90 நாள். என் கணக்கில் பீரங்கி வாங்குவதற்கு இணையான செலவு இது, ஆனால் குடியரசு தின அணிவகுப்பில் பாறைக்குகையைக் காட்ட முடியாது.

நம் கடலூருக்கும் இதில் ஒரு வாய்ப்பு இருந்தது. பெரியகுப்பம் பக்கம் கடலோரமாய் நாகார்ஜுனா எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, வருடம் 60 லட்சம் டன் என்ற திட்டம், பாதிக்கு மேல் எழும்பியிருந்தது. 2011 டிசம்பர் 30ஆம் தேதி ‘தானே’ புயல் வந்தது. அதில் சாய்ந்த பலாவும் முந்திரியும் மறுபடி துளிர்த்தன. ஆலை வேலை எழவே இல்லை, நிறுவனம் கலைப்புக்குப் போனது. அது வந்திருந்தால் காற்றும் தண்ணீரும் என்ன கதி ஆகியிருக்கும் என்பது தனி வழக்கு, சிப்காட் பக்கம் குடியிருப்பவர்களைக் கேளுங்கள். நான் சொல்ல வருவது இதுதான்: குண்டு எதுவும் விழவில்லை. ஒரே இரவுக் காற்று போதுமாக இருந்தது. கடலோரத்தில் வெட்டவெளியில் நிற்கும் உருளைகளையும் தொட்டிகளையும் போர் வந்தால் எப்படிக் காப்பது என்று திட்டம் போடும்போதே எவராவது கேட்டிருப்பார்களா?

கிளம்பும்போது அவள் இன்னொன்று கேட்டாள். “எல்லாம் எலெக்ட்ரிக் ஆயிட்டா இந்தத் தொல்லை போயிடுமா பெரியப்பா?” போகாது, இடம் மாறும். டாங்கியும் போர் விமானமும் இன்னும் நெடுநாள் டீசலிலும் விமான எரிபொருளிலும்தான் ஓடும். ஊர்வண்டிகள் மின்சாரத்துக்கு மாறினால் சண்டைக்காலத்தில் அந்த அளவு எண்ணெய் மிச்சமாகும், அது உண்மையான லாபம். ஆனால் மோட்டாருக்கு வேண்டிய காந்தத்துக்கு அரிய மண் தாதுக்கள் வேண்டும். 2025 ஏப்ரலில் சீனா அவற்றின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும் நம் வண்டித் தொழிற்சாலைகள் திணறின. ஹோர்முஸ் போல அதுவும் ஒரு குறுகலான வாசல்தான்.

அவளுடைய ஸ்கூட்டி பெட்ரோல் வண்டி. புதுச்சேரியில் வரி குறைவு, லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சமாகும் என்பதால் எங்கள் பக்கத்து ஆட்களே எல்லை தாண்டி முள்ளோடைக்குப் போய் நிரப்பிக்கொண்டு வருகிறார்கள். அவள் முள்ளைக் காட்டி, “அதுவரைக்கும் போய்ச் சேர்ந்திடும்” என்றாள். நான் நம்பவில்லை, முதுநகர் பங்க்கிலேயே ஐம்பது ரூபாய்க்குப் போட்டு அனுப்பினேன்.